ஜோதியை ஏற்றுவது யார் என்று கேட்கலாமா?

ஐயா, வணக்கம்.

பதினான்கு வருடங்களாகச் சபரிமலைக்கு மாலை போடுகிறேன். கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் மகள் போன வாரம் ஒரு பழைய செய்தியைக் காட்டினாள். மகர சங்கராந்தி மாலையில் பொன்னம்பலமேடு என்ற மலையில் ஜோதியாகத் தெரிவது மனிதர்கள் ஏற்றும் தீபம்தான் என்று, கோயிலை நிர்வகிக்கும் தேவசம் போர்டே ஒப்புக்கொண்டதாக அதில் இருந்தது. குருசாமியிடம் கேட்டேன். "சாமி, இதையெல்லாம் ஆராயக் கூடாது" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து சரணம் வாயில்தான் வருகிறது, மனதில் வரவில்லை. தன் மத நம்பிக்கையைத் தானே கேள்வி கேட்கலாமா? கேட்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? கார்த்திகை ஒன்றுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மாலை போடுவதா, வேண்டாமா?

ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் காட்டிய செய்தி சரிதான். மகரவிளக்கு மனிதர் ஏற்றுவது, மகரஜோதி என்பது வானத்து விண்மீன், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று சபரிமலைத் தந்திரி (தலைமைப் பூசகர்) கண்டரரு மகேஸ்வரரு 2008இலேயே வெளிப்படையாகச் சொன்னார். 2011இல் கேரள உயர் நீதிமன்றம் கேட்டபோது, விளக்கு மனிதர் ஏற்றுவதுதான் என்று தேவசம் போர்டும் ஒப்புக்கொண்டது. ஆக, ஆராயக் கூடாது என்று குருசாமி சொன்ன விஷயத்தைத் தந்திரியே ஆராய்ந்து சொல்லிப் பல வருடம் ஆகிவிட்டது.

கேள்வி கேட்கலாமா என்றால், கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இருமுடியில்கூட முன்முடி வேறு, பின்முடி வேறு. நெய்த்தேங்காயும் பூசைச் சாமானும் முன்னால், வழிச் சாப்பாட்டுக்கான அரிசி பின்னால். நம்பிக்கைகளை மட்டும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறோம். அதனால்தான் ஒரு பக்கம் அவிழ்ந்ததும் எல்லாமே கொட்டிவிடும் என்ற பயம் வருகிறது.

ஒரு நோட்டை எடுத்து, சபரிமலை பற்றி நீங்கள் நம்புவதையெல்லாம் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 'சபரிமலை மகிமை வாய்ந்தது' என்று எழுதினால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 'சங்கராந்தி மாலையில் பொன்னம்பலமேட்டில் ஒளி தானாகத் தோன்றுகிறது' என்று எழுதினால் விசாரிக்கலாம். பத்துப் பன்னிரண்டு வரி வரும். எழுதி முடிக்கும்வரை எதையும் அடிக்காதீர்கள்.

அடுத்து, எந்த வரியை எதைக் கொண்டு அளப்பது என்று பாருங்கள். இதற்கு வெளியூரிலிருந்து கருவி வாங்க வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் என்ற பகுதியை அளவையில்தான் தொடங்குகிறார். கடவுளைப் பற்றிப் பேசுமுன், ஒன்றை நாம் எப்படி அறிகிறோம் என்ற பேச்சு. பிறர் சொன்ன பத்து அளவைகளை அடுக்கி, அவை எல்லாம் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க நூலின் சொல்) என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறார். அந்தப் பத்தில் ஐதிகமும், அதாவது வழிவழியாக வரும் பேச்சும், ஒன்று. அதற்கு வழிவழியாகச் சொல்லும் உதாரணம், 'இந்த ஆலமரத்தில் பேய் இருக்கிறது' என்பது. எல்லாரும் சொல்வார்கள், முதலில் சொன்னவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்குச் சித்தாந்தம் தனி நாற்காலி போடவில்லை. தானாகத் தோன்றும் ஜோதியும் இந்த ஆலமரத்துப் பேய்க்கு உறவுதான்.

ஜோதி வரியைக் காண்டலால் அளக்க வேண்டும். ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், பொறுப்பானவர்கள் ஒப்புக்கொண்டும்விட்டார்கள். வரியை அடித்துவிடலாம். விண்மீன் வரி கொஞ்சம் சுவாரசியமானது. ஜனவரி மாதம் வானம் தெளிந்த ஒரு மாலையில் ஏழு, ஏழரை மணிக்கு மொட்டை மாடியில் நின்று கிழக்கே பாருங்கள். சம இடைவெளியில் வரிசையாக மூன்று விண்மீன்கள் தெரியும். அந்தக் கோட்டைத் தொடுவானம் நோக்கிக் கீழே நீட்டினால் பளிச்சென்று ஒன்று நிற்கும். அது சிரியஸ். மகரஜோதி விண்மீன் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது அதுதான். எந்த விண்மீனும் நாளுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக உதிக்கும், அவ்வளவே வித்தியாசம். ஆகவே அது 10ஆம் தேதியும் தெரியும், 20ஆம் தேதியும் தெரியும். 'அன்று தெரியும்' என்ற வரி நிற்கும். 'அன்று மட்டும் தெரியும்' என்ற வரி விழும். ஒரு சொல் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். வரிவரியாக எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

'மாலை போட்ட வருடமெல்லாம் நல்லது நடந்தது' என்பது போல ஒரு வரியும் உங்கள் நோட்டில் இருக்கும். இது கருதலுக்கு உரியது. இங்கேதான் கணக்கு அதிகம் தப்புகிறது. வேலை கிடைத்த வருடம் ஞாபகம் இருக்கும், கிடைக்காத வருடம் 'சாமி சோதித்தார்' என்று வேறு பேரேட்டில் ஏறிவிடும். இரண்டும் ஒரே பக்கத்தில் வர வேண்டும். வேண்டுதலை முன்கூட்டியே தேதி போட்டு எழுதுங்கள். எதற்குள் நடந்தால் நடந்ததாகக் கொள்வது என்றும் அப்போதே எழுதுங்கள். மாலை போடாத பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வருடம் என்ன நடந்தது என்பதும் கணக்கில் சேர்த்தி.

விரத வரி அப்படியல்ல. 41 நாள் மது, மாமிசம் இல்லை, விடிகாலைக் குளியல், வெறுங்கால், கோபத்தை அடக்குதல். இதனால் உங்களுக்கு நன்மை உண்டா என்பதற்கு ஜோதி சாட்சியாக முடியாது, நீங்களும் அவ்வளவு நல்ல சாட்சி இல்லை. வீட்டில் கேளுங்கள். நாற்பத்திரண்டாம் நாள் எப்படி இருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பல வீடுகளில் பதில் அங்கேதான் இருக்கிறது.

ஐயப்பன் இருக்கிறார், கேட்கிறார் என்ற வரி கடைசியில் மிஞ்சும். அதை மொட்டை மாடியிலும் அளக்க முடியாது, கணக்கு நோட்டிலும் அளக்க முடியாது. உரையையும் உங்கள் அனுபவத்தையும் வைத்துத்தான் நீங்கள் அதோடு இருக்கிறீர்கள். ஜோதி மனித வேலை என்று தெரிந்ததால் அந்த வரி பொய்யாகிவிடாது. ஜோதியைப் பார்த்ததாலும் அது மெய்யாகியிருக்கவில்லை. பதினான்கு வருடமாக அந்த வரியின் பாரத்தை ஜோதி வரியின் மேல் சாய்த்து வைத்திருந்தீர்கள். முட்டு எடுபட்டதும் ஆடுகிறது. நேராக நிற்குமா என்று இப்போதுதான் தெரியும். நிற்காமலும் போகலாம், அதைத் தெரிந்துகொண்டே நோட்டைத் திறங்கள்.

கேட்காமல் விடுவதற்கும் விலை உண்டு. 1999 ஜனவரி 14இல் பம்பையில் கூட்ட நெரிசலில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2011 ஜனவரி 14இல் சபரிமலை அருகே புல்மேட்டில் 100க்கும் மேற்பட்டோர், அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர். இரண்டுமே ஜோதி பார்க்கத் திரண்ட கூட்டம். இருட்டு, ஒடுங்கிய வழி, ஏற்பாட்டுக் குறை என்று காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சில நொடிக்காக அவ்வளவு பேர் ஒரே சரிவில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கினார்கள். அந்த ஒளி எது என்று கூட்டத்தில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டிருந்தது?

பழையது என்பதால் கேட்கக் கூடாது என்பாரும் உண்டு. 'தொன்மையவாம் எனும் எவையும் நன்றாகா, இன்று தோன்றிய நூல் எனும் எவையும் தீதாகா' என்று 14ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் எழுதினார். தன் புதிய நூலுக்கு இடம் பிடிக்கச் சொன்னதுதான், இருந்தாலும் சொன்னது சொன்னதே. இதில் இன்னொரு தப்பும் நடக்கும். அடுத்தவர் மதத்து அற்புதத்தை உறுதியான அளவுகோலால் அளந்துவிட்டு, நம்முடையதற்கு இழுத்தால் நீளும் அளவுகோலை எடுப்போம். எருமேலியில் வாவர் பள்ளிவாசலில் வணங்கிவிட்டுத்தான் மலையேறுகிறீர்கள். அங்கே என்ன அளவுகோலோ அதையே சன்னிதானத்திலும் வையுங்கள்.

மாலை விஷயம். நோட்டை இந்த மூன்று வாரத்தில் முடியுங்கள். விரதத்தின் நடுவில் இதைத் தொடங்க வேண்டாம். பசியும் கூட்டமும் பஜனையும் சேர்ந்து எந்தப் பக்கமாவது தள்ளிவிடும். அடிபடாத வரிகளில் விரதம் இருந்தால் மாலை போடுங்கள். ஜோதிக்காக மட்டும்தான் போய்வந்தேன் என்று தெரிந்தால் இந்த வருடம் விட்டுவிடுங்கள், குற்றமில்லை. போவதென்றால் மகரவிளக்கு நாளைத் தவிர்க்கலாம். மலையாள மாதம் ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து நாள் நடை திறந்திருக்கும்.

குருசாமியிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தந்திரி சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

மகள் அடுத்து எதைக் கேட்பாள் என்று ஊகிக்க முடிகிறது. 10 முதல் 50 வயதுவரை பெண்கள் ஏன் போகக் கூடாது என்பாள். 1991இல் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை உறுதிசெய்தது. 2018 செப்டம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் நீக்கியது. அதன்பின் மறுஆய்வு மனுக்களில் எழுந்த கேள்விகள் பெரிய அமர்வுக்குப் போயின. இந்த வரிக்குக் காண்டலும் கருதலும் போதாது. எது உண்மை என்பதைவிட எது நியாயம் என்ற கேள்வி இதில் பெரிது. அதை நோட்டின் வேறொரு பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தை அவளையும் உட்கார வைத்து எழுதுங்கள்.