பயிற்சி ஒருவருக்கு, நடவு வேறொருவருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருந்திய நெல் சாகுபடி (இளம் நாற்றை ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு நட்டு, நீரை அளவோடு பாய்ச்சும் முறை) குறித்த ஒருநாள் பயிற்சிக்குச் சென்று வந்து, மூன்று ஏக்கரில் ஒற்றை நாற்று நடவு செய்ய ஏற்பாடு செய்தேன். நடவுக்கு வந்த பெண்கள், நாற்று மிகச் சிறியதாக இருக்கிறது என்று முணுமுணுத்து, பாதி வயலில் வழக்கம்போல் கொத்தாக நட்டுவிட்டார்கள். ஏக்கர் கணக்கில் கூலி பேசியிருந்ததால் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. குறை யாருடையது?
(ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: நட்டவர்கள் மீது குறையில்லை. பயிற்சி அரங்கில் உட்கார்ந்தவர் நீங்கள்; சேற்றில் இறங்கியவர்கள் அவர்கள். இருபத்தைந்து, முப்பது நாள் நாற்றை முடியாகப் பிடித்து, குத்துக்கு இரண்டு மூன்றாகப் பிரித்து நட்டே பழகிய கைகளுக்கு, பாய் நாற்றங்காலில் (பாய்போல் மெல்லியதாகப் பரப்பிய மண்ணில்) வளர்ந்த 14 நாள் நாற்று முற்றிலும் புதியது. அதை வேரில் ஒட்டிய மண்ணோடு எடுத்து, அரை மணி நேரத்துக்குள், ஆழமாக அழுத்தாமல், 22.5 செ.மீ. இடைவெளியில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, நட்டுக் காட்டுவது எளிது.

ஆனால் கூலி பேசிய விதத்தை நீங்கள் மாற்றியாக வேண்டும். புதிய முறையில் முதல் ஓரிரு நாள் கை மெதுவாகத்தான் ஓடும். ஏக்கர் கணக்கில் கூலி என்றால் அந்தத் தாமதத்தின் நஷ்டம் முழுவதும் நடுபவர் தலையில் விழுகிறது. முதல் பருவத்துக்கு மட்டும் நாள் கூலி கொடுங்கள். நடவுக்கு முன் அரை நாள் ஒரு மூலை வயலில் பழகச் சொல்லி, அதற்கும் கூலி கொடுங்கள். கை பழகிவிட்டால் வேலை குறையும் என்பது கணக்கிலேயே தெரியும்: 20க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 2 லட்சம் குத்துகள் வைக்க வேண்டும், 22.5 செ.மீ. சதுரத்தில் சுமார் 80,000 போதும். விதையும் ஏக்கருக்கு 3 கிலோவுக்குள் அடங்கும். அந்த மிச்சத்திலிருந்து அரை நாள் கூலி கொடுப்பது பெரிய செலவாகாது.

இன்னொன்று, வயலைச் சமன் செய்வது உங்கள் பொறுப்பு. மேடும் பள்ளமுமாக விட்டுவிட்டால், பள்ளத்தில் சின்ன நாற்று மூழ்கும்; பழியோ நட்டவர்கள் மீது வரும்.

கேள்வி: திருந்திய நெல் சாகுபடியில் களையெடுக்கக் கையால் தள்ளும் உருளைக் கருவியான கோனோ வீடரைப் பெண்களால் தள்ள முடியாது என்று எங்கள் ஊரில் ஆண்களிடம் கொடுத்துவிட்டார்கள். களையெடுப்புக் கூலி எங்களுக்குப் போய்விட்டது. உண்மையிலேயே முடியாதா?
(விவசாயத் தொழிலாளி, நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: முடியும். வயல் காய்ந்திருக்கும்போது தள்ளினால் யாருக்கும் தோள் வலிக்கும். மெல்லிய நீர் நிற்கும்போது, கைப்பிடியை உங்கள் உயரத்துக்கு ஏற்ப அமைத்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக அசைத்துத் தள்ளினால், களை சேற்றில் அமுங்கும், வேருக்குக் காற்றோட்டமும் கிடைக்கும். நட்ட 10ஆம் நாள் தொடங்கி, பத்து நாளுக்கு ஒருமுறை, நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்ட வேண்டும் என்பதால் தொடர்ந்து வேலையும் உண்டு. நீர்ச்செலவைக் குறைக்கும் ஒரு முறை, அதில் உழைப்பவர்களின் பிழைப்பையும் குறைத்தால், அதை நிலைத்த வேளாண்மை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பயிற்சிக்கு அழைப்பு வரும்போது நில உரிமையாளர் பெயரோடு உங்கள் குழுவின் பெயரையும் சேர்க்கக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு நாள் பயிற்சி போதுமா?
(கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: போதாது. இந்தோனேசியாவில் 1989இல், நெல்லைத் தாக்கும் புகையானைச் சமாளிக்கத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில், பருவம் முழுவதும் வாரந்தோறும் வயலிலேயே கூடிப் பூச்சிகளை எண்ணிப் பார்த்துக் கற்றார்கள். நம் ஊரில் அந்த வடிவத்தில் பயிற்சி கேட்க வேண்டிய இடம், மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம். (நாட்டின் முதல் நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது நமக்கு அருகில், புதுச்சேரியில்தான்.) குறுவைக்கு நாற்று விடும் முன்பே, குழுவாகச் சென்று கேளுங்கள், நடவு தொடங்கிய பிறகு அங்கும் இங்கும் எவருக்கும் நேரம் இருக்காது.