ரூம் பாக்ஸ் செய்ய ஆசை. முதலில் என்ன வாங்குவது?

டால்ஹவுஸ் மினியேச்சர் (பொம்மை வீட்டுக்கான குட்டிச் சாமான்கள்) சேர்ப்பதும் ரூம் பாக்ஸ் (பெட்டிக்குள் ஒரு குட்டி அறை) செய்வதும் பெரியவர்கள் செய்யக்கூடிய பொழுதுபோக்குதானா, எங்கே தொடங்குவது, செலவு கையைக் கடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இது பிறந்ததே பெரியவர்களுக்காகத்தான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மான் என்ற பணக்காரப் பெண்மணியின் பொம்மை வீடு இருக்கிறது. 1686 முதல் 1710 வரையான காலத்தைச் சேர்ந்தது. அன்றைக்கு அந்த ஊரில் ஒரு நிஜ வீடே வாங்கக்கூடிய பணம் அதற்குச் செலவானதாகச் சொல்கிறார்கள். குழந்தைகளை அதன் பக்கத்தில் விட்டிருப்பார்களா என்ன? "இந்த வயசுல சொப்பு வெச்சு விளையாடறியே" என்று என் அத்தை கேட்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "அவளுக்குப் பணம் இருந்தது, உனக்கென்ன?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். எந்த அறை என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

டால்ஹவுஸ் என்றால் முழு வீடு: மாடி, கூரை, பல அறைகள். ரூம் பாக்ஸ் ஒரே ஓர் அறை. மூன்று சுவர், தரை, கூரை. நான்காவது பக்கம் கண்ணாடி அல்லது திறந்தவெளி. பார்ப்பவர் அந்த ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்க்க முடியும் என்பதால் அவர் கண்ணில் எது படலாம், எது படக்கூடாது என்பது முழுக்க உங்கள் கையில். அறை முடிவானால் என்னென்ன சாமான் வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். அறை இல்லாமல் கண்ணில் படுவதையெல்லாம் வாங்கினால், விக்டோரியா காலத்து நாற்காலியும் பிளாஸ்டிக் கிரைண்டரும் ஒரே டப்பாவில் கிடக்கும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. சிகாகோவின் நார்சிஸா தோர்ன் சிறு வயதிலிருந்தே மினியேச்சர் சேர்த்தவர். சேர்த்த சாமான்களுக்கு இடம் வேண்டும் என்றுதான் அறைகள் பக்கம் வந்தார். தேர்ந்த கைவினைஞர்களை வைத்து 1932-க்கும் 1940-க்கும் இடையில் அவர் செய்வித்த அறைகளில் 68 இன்று சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன. அவரிடம் ஒரு பட்டறையே இருந்தது. நம்மிடம் இருப்பது சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலை, அதுவும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் காலி செய்ய வேண்டிய மூலை. அதனால் நமக்கு அறைதான் முதலில்.

அறைக்கு அடுத்தது அளவு. உலகம் முழுக்க அதிகம் புழங்குவது 1:12. நிஜத்தில் ஓர் அடி, பெட்டியில் ஓர் அங்குலம். நம் ஊரில் வீட்டளவை இன்னும் அடிக்கணக்கில்தான் பேசுகிறோம் என்பதால் கணக்கு சுலபம். ஏழடிக் கதவு ஏழங்குலம். இரண்டரை அடி உயர மேஜை இரண்டரை அங்குலம். எட்டங்குல ஆத்தங்குடிக் கல் 17 மில்லிமீட்டர் சதுரம். நிஜப் பொருளை நேராகப் படமெடுத்து, உண்மையான அளவில் 8.33 சதவீதத்துக்குச் சுருக்கி அச்சடித்தால் காலண்டர், போஸ்டர், தீப்பெட்டி லேபிள் எல்லாம் கிடைத்துவிடும். இந்த அளவில் சோறு வேண்டுமென்றால் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். ரவை கச்சிதமாக அரிசிச் சோறு போலவே இருக்கும்.

நம் சொப்புச் சாமான்களில் கை வைப்பதற்கு முன் ஸ்கேலை எடுங்கள். அம்பாசமுத்திரத்து மரச்சொப்பின் வண்ணத்துக்கு ஈடில்லை, ஆனால் அது விளையாடுவதற்காகச் செய்தது. அதில் குடமும் அம்மியும் அடுப்பும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். நிஜத்தில் ஓரடி உயரக் குடம் 1:12-இல் ஓர் அங்குலம்தான் வர வேண்டும். சொப்பில் இரண்டு அங்குலக் குடம் சாதாரணம். அதை அறைக்குள் வைத்தால் குடம் பெரிதாகத் தெரியாது, அறை பொம்மையாகிவிடும். நவராத்திரி சமயத்தில் மயிலாப்பூர் மாடவீதியில் கொலு பொம்மை பார்க்கப் போகும்போது நான் பையில் ஆறங்குல ஸ்கேல் வைத்திருப்பேன். கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

எனக்குப் பிடித்த என் பெட்டி ஓர் எஸ்.டி.டி. பூத். 90-களில் எங்கள் தெருமுனையில் இருந்தது மாதிரி. கடை எட்டடி அகலம், ஆறடி ஆழம், ஒன்பதடி உயரம். அப்படியே அங்குலமாக மாற்றிக்கொண்டேன். உள்ளே மூன்றடிச் சதுரத்தில் கண்ணாடிக் கூண்டு. கண்ணாடிக்கு ஓ.எச்.பி. ஷீட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள், அலுமினியச் சட்டத்துக்கு ஏ.சி. குழாயில் சுற்றும் சில்வர் டேப். டெலிபோன் பாலிமர் களிமண்ணில் 17 மில்லிமீட்டர் நீளம். ரிசீவரின் சுருள் ஒயருக்கு, பழைய மோட்டாரிலிருந்து எடுத்த மெல்லிய தாமிரக் கம்பியைத் தையல் ஊசியில் நெருக்கமாகச் சுற்றி, உருவி எடுத்துக் கறுப்படித்தேன். காசு ஓடும் மீட்டருக்குச் சிவப்பு எண்களை ஷீட்டில் அச்சடித்து, பின்னால் ஒரு குட்டிச் சிவப்பு எல்.இ.டி. வாசலில் மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து.

இவ்வளவும் முடிந்த பிறகும் அது ஒரு மாடலாகத்தான் தெரிந்தது. பூத்தாக மாறியது கூண்டின் பிளைவுட் சுவரில் போன் நம்பர்களைக் கிறுக்கிய பிறகுதான். கையில் தாள் இல்லாதவர்கள் சுவரில்தானே எழுதுவார்கள்? மிக மெல்லிய நுனியுள்ள 0.05 பேனாவில் ஐந்து இலக்கம், ஆறு இலக்க எண்கள், ஒன்று அடித்துத் திருத்தியது. கதவுக் கைப்பிடியைச் சுற்றிப் பழுப்பு பேஸ்டல் பொடியை விரலால் தேய்த்தேன், கைபட்ட அழுக்குக்காக. பார்க்க வருகிறவர்கள் டெலிபோனை விட்டுவிட்டு அந்தக் கிறுக்கலைத்தான் குனிந்து படிக்கிறார்கள். தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் இலக்கங்களை எண்ணிப் பார்த்து "சரியாத்தான் போட்டிருக்கீங்க" என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு பொருளை அழகாகச் செய்வதைவிட அதை யாரோ பயன்படுத்தினார்கள் என்று காட்டுவதுதான் இதில் சிரமம், சுவாரசியமும் அங்கேதான். அமெரிக்காவின் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ இதை வேறு எங்கோ கொண்டுபோனார். 1940-களில் போலீஸ்காரர்களுக்குத் துப்பறியப் பயிற்சி தர, மர்ம மரணங்கள் நடந்த அறைகளை 1:12-இல் செய்தார். பிணத்தின் காலில் போட வேண்டிய ஸ்டாக்கிங்ஸைக் குண்டூசிகளால் பின்னினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் 18 பால்டிமோரில் இருக்கின்றன, இன்றும் பயிற்சிக்குப் பயன்படுகின்றன.

பொருள்கள் பற்றி: சுவருக்கு 5 மில்லிமீட்டர் சன்போர்டு (இலேசான பிளாஸ்டிக் நுரைப்பலகை) நல்லது. மவுன்ட் போர்டு என்ற தடித்த அட்டை சென்னை ஈரத்துக்கு ஒரே மழைக்காலத்தில் வளைந்துவிடும். மரத்தில் ரேகை நெருக்கமாக உள்ளதைத் தேடுங்கள். பெரிய ரேகை ஓடும் துண்டில் செய்த நாற்காலி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அளவைக் காட்டிக் கொடுத்துவிடும். சிவப்புச் சிமெண்டுத் தரைக்கு அக்ரிலிக் பெயின்டை மெல்லிசாகப் பல கோட் அடித்து, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் நைஸான உப்புத்தாள் போட்டு, கடைசியில் மெழுகு தேய்த்தால் பாட்டி வீட்டுத் தரை வந்துவிடும். துணி இந்த அளவில் மடிந்து தொங்காது, விறைத்துக்கொண்டு நிற்கும். பழைய மல் வேட்டியைத் தண்ணீர் கலந்த பெவிகாலில் நனைத்து, மடிப்பை ஊசியால் குத்தி வைத்துக் காயவிடுங்கள். ஓ.எச்.பி. ஷீட், அக்ரிலிக் பக்கம் பெவிக்விக்கைக் கொண்டுபோகவே வேண்டாம். அதன் ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும், துடைத்தாலும் போகாது.

விளக்குக்குச் சென்னை ரிச்சி தெருவில் வார்ம் ஒயிட் எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் வாங்கி, பழைய செல்போன் சார்ஜரில் ஓட்டலாம். பல்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, வெளிச்சம் மட்டும் வர வேண்டும். தோர்ன் அறைகளில் வெளிச்சம் பெரும்பாலும் சன்னலுக்கும் கதவுக்கும் அப்பாலிருந்து விழும். அங்கே ஒரு தோட்டத்தின் துண்டோ அடுத்த அறையின் மூலையோ தெரியும். நீங்களும் ஒரு கதவைப் பாதி திறந்து வைத்து, அதன் பின்னால் இரண்டங்குலத்துக்குச் சுவரும் ஒரு விளக்கும் வைத்துப் பாருங்கள். வீடு இன்னும் உள்ளே போகிறது என்று பார்ப்பவர் தானாக நம்பிக்கொள்வார்.

ரவைச் சோற்றைப் பற்றிச் சொன்னேனே, அதை வார்னிஷில் முழுக்க மூழ்கடித்துவிடுங்கள். இல்லையென்றால் எறும்பு வந்துவிடும். 1:12 அறையில் நிஜ எறும்பு சுண்டெலி மாதிரி நடந்துபோகும். முன்பக்கம் கண்ணாடியோ அக்ரிலிக்கோ கட்டாயம் போடுங்கள், தூசியை எந்த அளவிலும் சுருக்க முடியாது.

செலவு உங்கள் பொறுமையைப் பொறுத்தது. சன்போர்டு, பெயின்ட், கட்டர், பெவிகால் எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் காசுக்குள் அடங்கும். மீதி, வீட்டில் தூக்கிப் போடும் பொருள்கள். கையைக் கடிப்பது வெளிநாட்டிலிருந்து கைவினைஞர்களின் துண்டுகளை வரவழைக்கத் தொடங்கும்போதுதான். ஒரு வெள்ளி டீ செட்டுக்கு நிஜ டீ செட்டைவிட அதிகம் கேட்பார்கள். அந்தப் பக்கம் போவதா வேண்டாமா என்பதை முதல் பெட்டி முடித்த பிறகு யோசியுங்கள்.

கடைசியாக, ஆன்லைனில் விற்கும் சீனக் கிட் வாங்கலாமா என்று கேட்பீர்கள். கை பழக ஒன்று வாங்கலாம், வெட்டுவதும் ஒட்டுவதும் ஒயர் இணைப்பதும் அதில் வந்துவிடும். அவற்றில் பல 1:24-க்குக் கிட்டத்தட்ட இருக்கும், சில எந்த அளவிலும் சேராதவை. அதிலிருந்து சோபாவைக் கழற்றி 1:12 பெட்டியில் வைக்கும் திட்டம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், பாதி உயரத்தில் நிற்கும்.