போன வருட நத்தாருக்கு இந்த வருட போனஸ்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் மாமியுடன் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் கணவர் மூத்தவர். அதனால் நத்தாருக்குத் தம்பி தங்கைமாரின் நான்கு குடும்பங்களும் எங்களிடம்தான் வரும். மொத்தம் 19 பேர். போன டிசம்பரில் 240,000 ரூபா செலவானது: எல்லோருக்கும் உடுப்பு 95,000, சாப்பாடு 80,000, கேக் 35,000, பெயின்ட், திரைச்சீலை 30,000. என் போனஸ் 90,000 போக மீதி 150,000ஐ கிரெடிட் கார்டில் போட்டேன். ஆண்டு வட்டி 26 சதவீதம். ஜனவரியிலிருந்து மாதம் 7,500 கட்டுகிறேன், கார்டில் வேறெதுவும் வாங்கவில்லை. செப்டெம்பர் வந்துவிட்டது, இன்னும் 113,000 நிற்கிறது. காப்பை அடகு வைத்து அடைத்துவிடவா? இந்த நத்தாருக்கு என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் கணக்கைப் பார்ப்போம். எட்டு மாதத்தில் 60,000 கட்டியிருக்கிறீர்கள். கடன் குறைந்ததோ ஏறத்தாழ 37,000. மிச்சம் 23,000 வட்டிக்குப் போய்விட்டது, அதாவது கேக் செலவில் பாதிக்கும் மேல். இதே வேகத்தில் கட்டிக்கொண்டு போனால் டிசம்பரில் 92,000 பாக்கி இருக்கும். உங்கள் போனஸ் 90,000. ஆக, இந்த வருட போனஸ் வருவதற்கு முன்பே போன வருட நத்தார் அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டது.

காப்பு விஷயம். அடகு வட்டி பொதுவாகக் கார்ட் வட்டியைவிடக் குறைவு. கணக்குப்படி அது தப்பான யோசனை இல்லை. ஆனால் இப்படிச் செய்தவர்களில் பாதிப்பேர் டிசம்பர் 20க்குப் பிறகு, காலியாகக் கிடக்கும் கார்டை மறுபடியும் எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் அடகும் இருக்கும், கார்டும் இருக்கும். இன்னொன்று: முழுப் பாக்கியையும் கட்டாதவரை, புதிதாக வாங்கும் சாமானுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே காப்பு அலுமாரியில் இருக்கட்டும். 7,500ஐ நிறுத்தாமல் கட்டுங்கள். போனஸ் வந்த அன்றே முழுவதையும் கார்டில் போடுங்கள். மிஞ்சும் இரண்டாயிரத்துச் சொச்சத்தை ஜனவரிச் சம்பளத்தில் முடித்துவிடலாம்.

சரி, அப்படியானால் இந்த நத்தாருக்குக் காசு எங்கே?

உண்மையான சிக்கல் இதுதான். ஐந்து குடும்பம் கொண்டாடுகிறது, ஒரு குடும்பம் கட்டுகிறது. மற்றவர்கள் கஞ்சர்கள் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் செலவு எவ்வளவு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். மாமியின் மனதில் இருக்கும் பட்டியலும் பழைய காலத்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம் வரை போனது. பிறகு அந்த வீதம் இறங்கியதே தவிர, ஏறிய விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மாமாவின் காலத்தில் ஒரு சம்பளத்தில் நடந்தது இன்று ஒரு சம்பளத்தில் நடக்காது.

இதை நீங்கள் பேசக்கூடாது. மருமகள் வாய் திறந்தால் அது காசுப் பேச்சாக இருக்காது, வேறு பேச்சாகிவிடும். உங்கள் கணவர் தன் தம்பி தங்கைமாரிடம் பேசட்டும், அதுவும் இந்த மாதமே. கேக்குக்குப் பழம் நறுக்க எல்லோரும் கூடும் நாள்வரை தள்ளிப்போட வேண்டாம், கையில் கத்தி இருக்கும்போது காசு பேசுவது நல்லதல்ல. உங்கள் கடிதத்தில் உள்ள நான்கு வரிக் கணக்கை அப்படியே காட்டினால் போதும்.

இந்த வருடம் குடும்பத்துக்கு 25,000 என்றால் 125,000 சேரும். உங்கள் பங்கு நான்கு சம்பளத்தில் 6,250 வீதம். கேக்கில் கைவைக்காதீர்கள், ரவையும் கஜுவும் புஹுல் தோசி என்ற நீற்றுப்பூசணி இனிப்புமாக மாமி போடும் அந்தக் கேக்கும், நள்ளிரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து அதை எண்ணெய்த்தாளிலிருந்து பிரிப்பதும்தான் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும். அதற்கு 35,000 இருக்கட்டும். சாப்பாட்டுக்கு 50,000, புரியாணியை நீங்கள் போடுங்கள், கறியும் வட்டிலாப்பமும் மற்ற வீடுகளிலிருந்து வரட்டும். புது உடுப்பு சின்னவர்களுக்கு மட்டும், 35,000. பெரியவர்கள் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒருவருக்கு ஒரு சின்னப் பரிசு கொடுத்தால் போதும், அதை அவரவர் கைக்காசில் வாங்கட்டும். மிச்சம் 5,000 குடிலுக்கும் நட்சத்திரத்துக்கும். திரைச்சீலையைத் துவைத்துப் போடுங்கள். எங்கள் அம்மா கொச்சிக்கடை வீட்டில் ஒரே திரைச்சீலையைப் பதினொரு நத்தாருக்குத் தொங்கவிட்டார், வந்தவர்களில் ஒருவர்கூடக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு குடும்பத்துக்கு 25,000 முடியாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். முச்சக்கர வண்டி ஓடுபவர் சாமான் ஏற்றி இறக்கலாம்; தைக்கத் தெரிந்தவர் பிள்ளைகளின் உடுப்பைத் தைக்கலாம்.

ஜனவரியிலிருந்து குடும்பத்துக்கு மாதம் 4,000 போட்டால், 12 மாதத்தில் அதே 240,000 வந்துவிடும். இதைச் சீட்டாகப் பிடிக்காதீர்கள். மார்ச்சில் சீட்டு எடுத்தவர் கையில் டிசம்பரில் அந்தக் காசு இருக்காது. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு. ஒரு கையெழுத்து உங்கள் கணவருடையது. மற்றது மாமியுடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் புத்தகத்தில் தொகை ஏறுவதைப் பார்த்தால் டிசம்பர் பட்டியலை அவரே சரிசெய்துகொள்வார்.