சமூகக் கோடிங் நாள் என்றால் என்ன? அதில் ஏன் எளிய கேம்களையே செய்யச் சொல்கிறார்கள்?

ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிற பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் கூடி, சாயங்காலத்துக்குள் கணினிக்குக் கட்டளைகள் எழுதி (அதுதான் கோடிங்), குழுவுக்கு ஒரு சின்ன கணினி கேமைச் செய்து முடிப்பதுதான் கோடிங் நாள். செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ எல்லாரும் கூடிச் செய்கிற கோத்தோங் ரோயோங் மாதிரிதான். ஒருவர் கால்வாயைச் சுத்தம் செய்வார், இன்னொருவர் மீ கோரேங் கிளறுவார், எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டியதில்லை. இங்கேயும் ஒருவர் படம் வரைய, ஒருவர் ஒலி சேர்க்க, ஒருவர் கட்டளைகளைக் கோப்பார்.

ஏன் கேம்? தப்பு உடனே கண்ணில் படும். மட்டையில் பட்ட பந்து திரும்பாமல் நேராகப் போய்விட்டால், ‘தொட்டால் திரும்பு’ என்ற கட்டளையை விட்டுவிட்டோம் என்று எட்டு வயதுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். நிபந்தனை, திரும்பத் திரும்பச் செய்வது, புள்ளிகளை ஞாபகத்தில் வைப்பது எல்லாம் அந்த ஒரே கேமில் வந்துவிடும்.

இதற்கு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற கோடிங் மென்பொருளே போதும். இலவசம், கட்டளைகளைக் கட்டை கட்டையாக ஒட்டினாலே வேலை செய்யும். முந்தின நாளே கணினிகளில் இறக்கி வைத்துவிடுங்கள், மண்டபத்து வைஃபையை நம்பவே வேண்டாம்! அப்புறம், கடைசி ஒரு மணி நேரத்தை ஒருவர் கேமை மற்றவர் விளையாடிப் பார்க்க ஒதுக்குங்கள், நேரம் போதவில்லை என்று அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஆளுக்கொரு லேப்டாப் வேண்டும் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள், அது தேவையே இல்லை. இரண்டு பேருக்கு ஒன்று போதும், ஒருவர் தட்ட மற்றவர் பார்த்துச் சொல்லட்டும், அவ்வப்போது இடம் மாறிக்கொள்ளட்டும்.