சுசுகா 1989: எதைப் பறித்தார்கள்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் ஃபார்முலா 1 பற்றி எழுதிய கட்டுரையில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "1989 பட்டம் ப்ரோஸ்டுக்கு உரியதுதான்." ஒரே மெக்லாரன் அணிக்குள் செனாவும் ப்ரோஸ்டும் உலகப் பட்டத்துக்காக மோதிக்கொண்ட ஆண்டு அது. அதற்கு மேல் என்னால் கட்டுரையைப் படிக்க முடியவில்லை.

செனா இறந்து சில ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன் நான். அவர் ஓட்டியதையெல்லாம் பழைய பதிவுகளில்தான் பார்த்திருக்கிறேன். ஜப்பானின் சுசுகாவில் நடந்த 1989 பந்தயத்தின் அந்த ஷிகேன் (வேகத்தைக் குறைக்கவைக்கும் இரட்டை வளைவு) காட்சியை மட்டும் இருபது முறையாவது பார்த்திருப்பேன். ப்ரோஸ்ட் வேண்டுமென்றே காரைத் திருப்புகிறார். இரண்டு கார்களும் நின்றுவிடுகின்றன. ப்ரோஸ்ட் இறங்கிப் போய்விடுகிறார். செனா விடாமல் காரைக் கிளப்பி, காரின் உடைந்த மூக்கை மாற்றி, துரத்திப் பிடித்து ஜெயிக்கிறார். அப்புறம் தகுதிநீக்கம் செய்கிறார்கள்! அன்று கார் பந்தயங்களை ஆண்ட ஃபிசா அமைப்பின் தலைவர் பாலெஸ்த்ரேயும் பிரெஞ்சுக்காரர், ப்ரோஸ்டும் பிரெஞ்சுக்காரர். பட்டத்தைப் பறித்துக் கொடுத்துவிட்டார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும்.

அடுத்த ஆண்டு அதே சுசுகாவில் செனா செய்ததை நான் பழிவாங்கல் என்று சொல்லமாட்டேன். நியாயம் என்றே சொல்வேன். "இடைவெளி இருந்தும் அதற்குள் நுழையாதவன் பந்தய ஓட்டுநரே அல்ல" என்று அவர் சொன்னதுதான் என் கைபேசியின் முகப்புப் படம். நீங்கள் எப்படி எதிர்ப்பக்கம் போனீர்கள்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த வரியை விளக்காமல் விட்டது என் தப்புதான். விளக்கியிருந்தால் அன்றே கோபித்துக்கொண்டிருப்பீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் ஒன்று. நான் எதிர்ப்பக்கம் போகவில்லை. செனா ஓட்டுவதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கை வியர்க்கும். 'பறித்துவிட்டார்கள்' என்று நீங்கள் எழுதுவதோடும் எனக்குச் சண்டை இல்லை. எதைப் பறித்தார்கள் என்பதில்தான் வேறுபடுகிறோம். சுசுகாவில் அவர் ஜெயித்த பந்தயத்தைப் பறித்தார்கள். பட்டத்தைப் பறிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் பேசுவதால்தான் முப்பது வருடத்துக்கும் மேலாக இந்த வழக்கு முடியாமல் இழுக்கிறது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். அன்று வெற்றிக்கு 9 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6, மூன்றாமிடத்துக்கு 4, அப்புறம் 3, 2, 1. பருவத்தின் 16 பந்தயங்களில் ஒருவருடைய மிகச் சிறந்த 11 முடிவுகள் மட்டுமே சேரும், மற்றவை கழிந்துவிடும். சுசுகா 15ஆவது பந்தயம். அதற்கு முன் ப்ரோஸ்ட் 76, செனா 60. இந்த 60 எப்படி வந்தது என்பதுதான் விஷயம்: ஆறு வெற்றி, ஒரு இரண்டாமிடம். மீதி ஏழு பந்தயங்களில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. மான்ஸாவில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தபோது என்ஜின் போனது. போர்ச்சுகலில், வெளியேறச் சொல்லும் கருப்புக் கொடி காட்டிய பிறகும் நிற்காமல் ஓட்டிய மான்செல் வந்து மோதினார். இவையெல்லாம் செனாவின் குற்றமில்லை. ஆனால் ப்ரோஸ்ட் அந்த 14 பந்தயங்களில் 13இல் புள்ளி எடுத்திருந்தார். தன் 81 புள்ளிகளில் ஐந்தைக் கழித்துவிட்டு 76இல் நின்றார். அதிக வெற்றி செனாவுக்கு, அதிகப் பந்தயங்களில் புள்ளி ப்ரோஸ்டுக்கு. (1988இல் இதே கழிப்புக் கணக்கு செனாவுக்குக் கைகொடுத்தது. மொத்தமாகக் கூட்டினால் ப்ரோஸ்ட் 105, செனா 94. கழித்த பின் செனா 90, ப்ரோஸ்ட் 87. அப்போது யாரும் பறித்துவிட்டார்கள் என்று கத்தவில்லை.)

ஆக, செனா சுசுகாவிலும் ஜெயிக்க வேண்டும், கடைசிப் பந்தயமான அடிலெய்டிலும் ஜெயிக்க வேண்டும். இரண்டிலும் ப்ரோஸ்ட் இரண்டாவதாக வந்திருந்தால் இருவரும் 78இல் நின்றிருப்பார்கள், வெற்றி எண்ணிக்கையில் பட்டம் செனாவுக்குப் போயிருக்கும். அவ்வளவு நூலிழை. சரி, சுசுகா வெற்றியை நாமே இப்போது செனாவுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். 69 ஆகிறது. அடிலெய்டில் என்ன நடந்தது? கொட்டும் மழை. ப்ரோஸ்ட் ஒரு சுற்றோடு 'இதில் ஓட்ட முடியாது' என்று காரை உள்ளே கொண்டுவந்துவிட்டார். செனா எல்லோரையும் எங்கோ பின்னால் விட்டுவிட்டுப் போனவர், நீர்ப்புகையில் முன்னால் போன பிரண்டலின் பிராபம் காரைப் பார்க்காமல் அதன் பின்னால் இடித்து வெளியேறினார். 69க்கு 76. தகுதிநீக்கம் நடக்காவிட்டால் அவர் அங்கே நிதானமாக ஓட்டியிருப்பார் என்று சொல்ல வருவீர்கள். எப்படிப் பார்த்தாலும் அவருக்கு அங்கே வெற்றி தேவை. அந்த நெருக்கடி குறைந்திருக்காது.

இப்போது உங்கள் ஷிகேனுக்கு வருகிறேன். இருபது முறை பார்த்தேன் என்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து பாருங்கள். தகுதிச் சுற்றில் செனா ப்ரோஸ்டைவிட 1.7 நொடி வேகம். ஒரே அணி, ஒரே மெக்லாரன்-ஹோண்டா, அதில் 1.7 நொடி என்றால் நம்பவே முடியாத இடைவெளி. ப்ரோஸ்ட் அந்த வேகத்தோடு போட்டி போடப் பார்க்கவில்லை. பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன், பின் இறக்கையின் விளிம்பில் நிற்கும் சின்னத் தகட்டைக் கழற்றிவிடச் சொன்னார். வளைவில் பிடி கொஞ்சம் குறையும், நேர்ப்பாதையில் வேகம் கூடும். தொடக்கத்திலேயே முந்திக்கொண்டார். அதன் பிறகு செனா எவ்வளவு நெருங்கினாலும் நேர்ப்பாதையில் முந்த வழியில்லாமல் போனது. இடது பக்கம் வேகமாக வளையும் 130ஆர், அதை அடுத்து பலமாக பிரேக் போட்டு நுழைய வேண்டிய வலது-இடது ஷிகேன். செனாவுக்கு மிஞ்சியது அந்த ஓரிடம்தான்.

அது ப்ரோஸ்டுக்கும் தெரியும். இனி கதவைத் திறந்துவிடப் போவதில்லை என்று பந்தயத்துக்கு முன்பே அணியில் சொல்லிவைத்திருந்தார். அந்த ஆண்டு இமோலா பந்தயத்தில் தொடங்கிய பகை அது. முதல் வளைவில் ஒருவரையொருவர் முந்துவதில்லை என்று பேசிவைத்திருந்ததை செனா மீறிவிட்டார் என்பது ப்ரோஸ்டின் புகார். ஆக, 46ஆவது சுற்றில் அந்த ஷிகேனுக்கு வந்த இரண்டு பேரும் மனதில் முடிவெடுத்துவிட்டு வந்தவர்கள். ஹெலிகாப்டர் காட்சியில் தெளிவாகத் தெரிகிறது: செனா வெகு பின்னாலிருந்து பிட் பாதையின் (கார்களைச் சரிசெய்யும் இடத்துக்குப் போகும் வழி) வாயை ஒட்டி உள்பக்கம் பாய்கிறார், ப்ரோஸ்ட் வழக்கத்தைவிட முன்னதாகவே வலதுபுறம் திருப்புகிறார். நீங்கள் சொல்வது சரி, அவர் திருப்பினார். ஆனால் இருவரும் நின்றுபோனால் பட்டம் யாருக்கு என்பது செனாவுக்கும் தெரியும். தெரிந்தே நுழைந்தார். என்னைக் கேட்டால் ப்ரோஸ்டுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு கொடுப்பேன். அதற்காக செனாவை முழுக்க விட்டுவிடமாட்டேன்.

எனக்கு அந்தக் காட்சியில் மோதலைவிட அதற்குப் பிந்தைய சில நொடிகள்தான் பிடிக்கும். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கார்கள், சக்கரங்கள் பின்னிக்கொண்டு, எஸ்கேப் ரோட்டின் (பாதை தவறும் கார்கள் ஒதுங்கும் வழி) வாயில் சத்தமில்லாமல் நிற்கின்றன. ஒருவர் பெல்ட்டை அவிழ்க்கிறார். இன்னொருவர் கையை ஆட்டிப் பாதையோரப் பணியாளர்களான மார்ஷல்களைக் கூப்பிடுகிறார். அந்த இரண்டு பேரைப் பற்றி எழுதப்பட்டதெல்லாம் அந்த இரண்டு கையசைவுகளுக்குள் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றும்.

அநியாயம் நடந்தது இதற்கு அப்புறம்தான். மார்ஷல்கள் தள்ள, என்ஜின் பிடித்துக்கொள்ள, செனா எஸ்கேப் ரோடு வழியாகவே பாதைக்கு வந்தார். பிட்டில் மூக்கை மாற்றினார். பெனட்டனில் முன்னால் போய்க்கொண்டிருந்த நன்னீனியை 51ஆவது சுற்றில், அதே ஷிகேனில், முந்தி முதலாவதாக வந்தார். ஷிகேன் வழியாகப் போகாமல் குறுக்கே போய்விட்டார் என்று தகுதிநீக்கம்.

யோசித்துப் பாருங்கள். ஷிகேனை வெட்டிப் போகக்கூடாது என்ற விதி எதற்கு? வெட்டுகிறவருக்கு நேரம் மிச்சமாகும் என்பதற்கு. இங்கே ஒருவர் அசையாமல் நின்று, தள்ளிவிடப்பட்டு, உடைந்த மூக்கோடு கிளம்புகிறார். என்ன நேரம் மிச்சமாயிற்று? விதிப்படி நடக்க வேண்டுமென்றால் காரைத் திருப்பி, எதிரே கார்கள் வரும் பாதைக்குள் மூக்கை நீட்டியிருக்க வேண்டும். அதற்கும் ஆபத்தாக ஓட்டினார் என்றுதான் தண்டித்திருப்பார்கள். இதற்கு முன் எத்தனையோ பேர் எஸ்கேப் ரோடு வழியாக வந்து தண்டனை இல்லாமல் போயிருக்கிறார்கள் என்று மெக்லாரன் வாதாடியது. பலிக்கவில்லை. மேல்முறையீட்டுக்குப் போன இடத்தில் தீர்ப்பு உறுதியானதோடு, 1,00,000 டாலர் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதத் தடையும் சேர்ந்துகொண்டன. எஸ்கேப் ரோட்டைப் பற்றி முறையிடப் போனவரிடம் அவருடைய பழைய மோதல்களையெல்லாம் எடுத்து விரித்தார்கள். பாலெஸ்த்ரேயும் ப்ரோஸ்டும் ஒரே நாட்டுக்காரர்கள் என்பதை நான் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளமாட்டேன், அது தெருமுனைப் பேச்சு. தண்டனையை முதலில் முடிவு செய்துவிட்டு விதியைப் பிறகு தேடினார்கள் என்பதற்கு அந்த விசாரணையே போதும். வெற்றியைப் பறித்தார்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

1990க்கு வருகிறேன். இங்கேதான் உங்களோடு கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. இந்த முறை செனா 78, ஃபெராரிக்குப் போய்விட்ட ப்ரோஸ்ட் 69. போல், அதாவது தொடக்க வரிசையின் முதலிடம், செனாவுக்கு. ஆனால் போல் இடம் அழுக்கு படிந்த வலதுபக்கம், டயர் பிடிக்காது. மாற்றித் தரக் கேட்டார், கிடைக்கவில்லை. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். எதிர்பார்த்தபடியே ப்ரோஸ்ட் முந்திப் போக, முதல் வளைவில் செனா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இரண்டு கார்களும் மணலுக்குள் போயின. பின்னால் மொத்தக் கூட்டமும் வந்துகொண்டிருந்தது. ஒரு சக்கரம் எகிறி யார் தலையிலாவது விழுந்திருந்தால் இதை நியாயம் என்று எழுதியிருப்பீர்களா? அநியாயம் செய்தது பாலெஸ்த்ரே என்றால், கணக்கை ப்ரோஸ்டின் பின்சக்கரத்தில் தீர்ப்பது எந்த ஊர் நியாயம்?

உங்கள் முகப்புப் படத்து வாசகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். அது 1989 ஷிகேனைப் பற்றிச் சொன்னதே இல்லை. 1990 மோதலுக்குப் பிறகு அடிலெய்டில், ஏன் உங்கள் மோதல் கணக்கு இவ்வளவு நீளம் என்று முன்னாள் சாம்பியன் ஜாக்கி ஸ்டூவர்ட் குடைந்தபோது, கோபத்தில் வந்த பதில். அதாவது முதல் வளைவில் ஓர் இடைவெளி இருந்தது, அதில் நுழைந்தேன் என்பதற்கான வக்காலத்து. ஓராண்டு கழித்து, 1991 அக்டோபரில், பட்டத்தை உறுதிசெய்துகொண்ட அதே சுசுகாவில், செனாவே உடைத்துச் சொன்னார்: முந்தைய ஆண்டு வேண்டுமென்றேதான் விலகிக்கொடுக்கவில்லை என்று. அதே மாதம்தான் பாலெஸ்த்ரே தலைவர் பதவியை மோஸ்லியிடம் தோற்றிருந்தார். ஆக, உலகமே போஸ்டராக அடித்து ஒட்டும் அந்த வாசகம், சொன்னவரே பின்னால் வாபஸ் வாங்கிய ஒரு சமாளிப்பு. முகப்புப் படத்தை மாற்றச் சொல்லமாட்டேன். நானே ஒரு காலத்தில் அதை மேற்கோளாகப் போட்டுக் கட்டுரை எழுதியவன்.

கடைசியாக ஒன்று. இருபது முறை பார்த்த உங்கள் கடிதத்தில் நன்னீனியின் பெயரே இல்லை. என் கட்டுரையிலும் இல்லை, அந்த வெட்கத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 1989 சுசுகாவின் வெற்றியாளர் அலெஸ்ஸாண்ட்ரோ நன்னீனி. இத்தாலியப் பாடகி ஜியானா நன்னீனியின் தம்பி. பட்ரேஸும் பூட்சனும் இருபுறம் நிற்க மேடையேறினார். அவருடைய ஒரே வெற்றி அது. அந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசும் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. அடுத்த ஆண்டு சுசுகாவுக்குச் சில நாட்கள் முன்பு ஹெலிகாப்டர் விபத்தில் அவருடைய வலது முன்கை துண்டானது. மருத்துவர்கள் ஒட்டவைத்தார்கள். ஃபார்முலா 1 அத்தோடு முடிந்தது. அவருடைய பெனட்டனில் அந்த வாரம் உட்கார்ந்தவர் ரொபெர்த்தோ மொரேனோ. செனாவும் ப்ரோஸ்டும் மணலில் கிடக்க, பிக்கே முதலாவதாகவும் மொரேனோ இரண்டாவதாகவும் வந்தார்கள். நன்னீனி பின்னர் வலது கையின் முழு பலம் திரும்பாமலேயே ஆல்ஃபா ரோமியோ டூரிங் கார்களை ஓட்டினார், வெற்றிகளும் பெற்றார்.

இருபத்தொன்றாவது முறையாக அந்தப் பதிவைப் போடும்போது 46ஆவது சுற்றோடு நிறுத்தாமல் 51 வரை ஓடவிடுங்கள். இந்தத் தடவை பின்னாலிருந்து வரும் மெக்லாரனை விட்டுவிட்டு, முன்னால் போகும் பல வண்ண பெனட்டனைப் பாருங்கள்.

அன்புடன்.