கம்பெனி செய்த மாசுக்கு அதன் நிர்வாகி ஏன் சிறைக்குப் போக வேண்டும்?

கம்பெனியைப் பிடித்துச் சிறையில் அடைக்க முடியாது. அதனால், ஒரு நிறுவனம் சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினால், அப்போது அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களையும் சட்டம் குற்றவாளிகளாகப் பார்க்கலாம். இதுதான் நிர்வாகிகளின் குற்றப் பொறுப்பு.

காரணம், செலவைக் குறைக்கும் முடிவு மேலிடத்தில்தான் எடுக்கப்படுகிறது. பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் சொன்ன பிறகும் பஸ்ஸை ரோட்டுக்கு அனுப்பிய முதலாளியை விட்டுவிடுவோமா?

போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த இரவு, மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷ ரசாயனம் இருந்த தொட்டியைக் குளிர்விக்கும் கருவி பல மாதமாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரமும் இயங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 2010-இல், அந்த ஆலையை நடத்திய யூனியன் கார்பைடு இந்தியாவின் முன்னாள் தலைவர் கேசவ் மகிந்திரா உட்பட ஏழு பேருக்கு இரண்டாண்டு தண்டனை, அன்றே ஜாமீன். எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

விபத்துக்குப் பின் வந்த 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பொறுப்பைத் தெளிவாக எழுதியது. எனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க முழுக் கவனம் எடுத்தேன் என்று நிர்வாகி நிரூபித்தால் தப்பலாம் என்றும் அது சொன்னது. 2024 ஏப்ரல் முதல் இந்தச் சட்டத்தின் பெரும்பாலான மீறல்களுக்குச் சிறைக்குப் பதில் அபராதம்தான்.

அப்புறம், நஷ்டஈடு கொடுத்தால் வழக்கு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, யூனியன் கார்பைடு நஷ்டஈடு தர அரசோடு செய்துகொண்ட 1989 சமரசத்தில் கைவிடப்பட்ட குற்ற வழக்கை 1991-இல் உச்ச நீதிமன்றமே மீண்டும் திறந்தது.