கேள்வி - பதில்: கயிற்றில் தொங்கும் நேரம்

கேள்வி: ஆழமான ஸ்கூபா டைவ் முடித்து ஏறும்போது, டிகம்ப்ரஷனுக்காக, அதாவது உடம்பை அழுத்தக் குறைவுக்குப் பழக்குவதற்காக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருபது, முப்பது நிமிடம் சும்மா தொங்க வேண்டியிருக்கிறது. தலைக்கு மேலே படகின் அடிப்பாகம் தெரிகிறது, ஆனால் போக முடியாது. பைத்தியம் பிடிக்கிறது. பாட்டு கேட்கலாமா? புத்தகம் படிக்கலாமா? அப்புறம், கடைசி ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டு ஏறினால் அப்படி என்னதான் ஆகிவிடும்? என்னோடு வருபவர் ஒருமுறை அப்படி ஏறினார். ஒன்றும் ஆகவில்லை.

பதில்: ‘அப்புறம்’ என்று போட்டுக் கடைசியில் செருகியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கேள்வி. பாட்டும் புத்தகமும் வெறும் பீடிகை. ஆகவே அதற்கே முதலில் வருகிறேன்.

சும்மா தொங்குவது நீங்கள்தான், உங்கள் உடம்பு இல்லை. ஆழத்தில் இருந்தபோது இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், இப்போது ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. இரத்தம் சீக்கிரம் கழித்துவிடும். கொழுப்பு போன்ற சோம்பேறித் திசுக்கள் மெதுவாகத்தான் விடும். அவற்றை அவசரப்படுத்தினால் உள்ளேயே குமிழ் கட்டும். மூட்டில் என்றால் வலி. தண்டுவடத்தில் என்றால் கால் மரத்துப்போவதில் தொடங்கி, நடையே போகும்வரை எதுவும் நடக்கலாம்.

படகு கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கிறதே, அது ஏன் என்று யோசித்தீர்களா? 40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல 5 மடங்கு. 30 மீட்டரில் 4 மடங்கு. ஏறிய 10 மீட்டருக்குக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் இரண்டு மடங்கு ஒன்றாகிறது, அதாவது பாதி. ஏறும் தூரம் ஒன்றுதான், உடம்புக்கு அடி வேறு. அதனால்தான் நீங்கள் கட்டிச் செல்லும் டைவ் கம்ப்யூட்டர் அடியில் உங்களைத் தாராளமாக ஏறவிட்டு, 6 மீட்டரிலும் 3 மீட்டரிலும் பிடித்து நிறுத்துகிறது. உங்களுக்கு உபரியாகத் தெரிகிற அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் மற்ற நிறுத்தங்களே.

இந்த ஞானம் நமக்கு ஆடுகள் வழியாக வந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்காக உடலியல் விஞ்ஞானி ஜே. எஸ். ஹால்டேனும் அவருடைய கூட்டாளிகளும் ஆடுகளை அழுத்த அறையில் அடைத்துச் சோதனை செய்து, 1908-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆட்டுக்கு எங்கே வலி என்று சொல்ல மருத்துவர் தேவைப்படவில்லை. அதுவரை ஒரே சீராக மெதுவாக ஏறுவதுதான் நல்லது என்று நம்பியிருந்தார்கள். அழுத்தம் பாதியாகும்வரை விரைவாக ஏறி, பிறகு படிப்படியாக நின்று வருவதே மேல் என்றார் ஹால்டேன். அவருடைய அட்டவணைகள் பின்னால் எவ்வளவோ திருத்தப்பட்டன. படிப்படியாக நிற்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

உங்கள் நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். கம்ப்யூட்டர் அவர் இரத்தத்தைப் பார்ப்பதில்லை. ஆழத்தையும் நேரத்தையும் வைத்து ஒரு கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். அன்றைக்கு அந்தக் கணக்கில் அவருக்குக் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அதே மனிதர் இன்னொரு நாள் களைப்பாக, உடம்பில் நீர்ச்சத்துக் குறைந்து, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தால் அந்த இடம் இருக்குமா? படகில் ஏறியதும் கட்டைவிரலைக் காட்டினாராக்கும்? அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துக்கூட வரும்.

காற்று தீர்ந்துவிட்டது, வாங்கிக்கொள்ள பக்கத்திலும் யாரும் இல்லை என்றால் ஏறித்தான் ஆக வேண்டும். குமிழுக்கு அழுத்த அறையும் ஆக்சிஜனும் உண்டு, மூழ்கிப்போனவருக்கு அவற்றால் பயனில்லை. ஆனால் போரடிப்பதை இந்த வகையில் சேர்க்க முடியாது.

முப்பது நிமிடத்துக்கே அலுத்துக்கொள்கிறீர்கள். நுனோ கோமஸ் என்ற ஸ்கூபா டைவர் 2005-இல் செங்கடலில், எகிப்தின் தஹப் அருகே 318 மீட்டர் இறங்கினார். இறங்கச் சுமார் 14 நிமிடம். மொத்த டைவ் 12 மணி நேரத்துக்கு மேல். மீதி முழுவதும் ஏறியதும் நின்றதும்தான்.

சரி, பீடிகைக்கு வருவோம். பாட்டு வேண்டாம் என்பேன். கம்ப்யூட்டரின் பீப், கூட வருபவர் சிலிண்டரைத் தட்டும் ஓசை, மேலே நெருங்கும் படகு, எல்லாமே காதுக்குத்தான் முதலில் வரும். பிளாஸ்டிக் சிலேட்டில் கட்டம் போட்டு விளையாடுகிறவர்கள் உண்டு. நானும் ஆடியிருக்கிறேன். 6 மீட்டரில் இருக்க வேண்டியவன், நிமிர்ந்து பார்த்தபோது 4-இல் மிதந்துகொண்டிருந்தேன். ஆட்டத்தில் ஜெயித்தது நான்தான், பெருமைப்பட முடியவில்லை. நிறுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் சுவாசிப்பவருக்குக் கீழே நழுவுவதும் ஆபத்து. அழுத்தம் கூடினால் அதே ஆக்சிஜன் வலிப்பை வரவழைக்கும். வலிப்பில், மூச்சு விட உதவும் ரெகுலேட்டர் வாயை விட்டு விழுந்தால் கதை முடிந்தது. என்ன விளையாடினாலும் சில விநாடிக்கு ஒருமுறை கண் ஆழமானிக்குத் திரும்ப வேண்டும். திரும்பாது என்றால் அந்த விளையாட்டு உங்களுக்கு ஆகாது.

கைகால்களை லேசாக அசைத்துக்கொண்டிருங்கள். நீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். குளிர்ந்த கைகால்களில் இரத்த ஓட்டம் சுருங்கினால் நைட்ரஜனும் தாமதமாகத்தான் கிளம்பும். அதற்காக அங்கே உடற்பயிற்சி வகுப்பு நடத்த வேண்டாம்.

என்னைக் கேட்டால் வேடிக்கை பார்ப்பதுதான் உத்தமம். நீலமாக வெறிச்சோடித் தெரியும் நீரில், பார்வையைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். கண்ணாடி போல ஏதேதோ மிதந்து போகும். சீப்பு ஜெல்லி ஒன்று வந்தால் அதன் முதுகில் வானவில் ஓடும். அது தானாக ஒளிர்வதில்லை, வரிசையாகத் துடிக்கும் நுண்மயிர்களில் வெளிச்சம் சிதறுகிறது. எதிரிலேயே இது இருக்க, அண்ணாந்து படகைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பொழுது எப்படிப் போகும்?

புத்தகம்? படிக்கலாம். மலிவுப் பதிப்பு நாவல்களைக் கொண்டுபோய்ப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மெதுவாகப் புரட்டினால் ஒரு டைவுக்குத் தாங்கும். கிழிந்த தாள்களைக் கடலில் விடாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்த கதையாக இருக்கட்டும், ஆழமானியை மறக்கமாட்டீர்கள். நூலகப் புத்தகம் வேண்டாம்.